எல்லாமே சொம்பு

நான் நாலாங்கிளாஸ் தாண்டவில்லை. சுரங்கத்தில் கரி சுமக்கும் பெல்ட் ஓட்டக் கற்றபோது எனக்கு யாரும் புத்தகம் தரவில்லை. எனக்குப் பின்னால் வந்த நாற்பது பேருக்கு நான்தான் தொழில் சொல்லிக் கொடுத்தேன். என் முறை ஒன்றுதான். ஒரு வேலை கைக்கு வரும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது.

அதனால் என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து, கைகால் தேறியும் பேச்சு மட்டும் குழம்பிப்போனபோது, அதைச் சரிசெய்ய வேறு ஆள் வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. மோர் வேண்டுமென்றால் பால் என்பாள். தூக்கம் வந்தால் நைட் ஷிஃப்ட் என்பாள்.

மருமகள் பெரிய படிப்பு. மனுஷ மூளை பேசுவதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறாளாம். விதி எதுவும் எழுதித் தருவதில்லையாம். ஆயிரக்கணக்கான முடிச்சுகளை ஒன்றோடொன்று இணைத்து உதாரணம் காட்டிக்கொண்டே இருந்தால், தப்புப் பண்ணிப் பண்ணி இணைப்புகள் இறுகியும் தளர்ந்தும் அதுவே கற்றுக்கொள்ளுமாம். ஒரு சொல் ஓரிடத்தில் இருக்காதாம், எல்லா இணைப்பிலும் பரவிக் கிடக்குமாம். கொஞ்சத்தை அறுத்துவிட்டால் மாட்டை ஆடு என்கிறதாம், அத்தை மாதிரியே. நன்றாக இருப்பதை அறுத்துவிட்டு, அது உளறுவதை எழுதி வைக்கச் சம்பளம்! சுரங்கத்தில் எவனாவது அப்படிக் கேபிளை அறுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

நான் என் முறையில் ஆரம்பித்தேன். சொம்பைக் காட்டி, சொம்பு. மூன்று நாள், காலை மாலை, அது மட்டும். நாலாம் நாள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். பெருமையாகத் தட்டைக் காட்டினேன். சொம்பு என்றாள். தலையணையும் சொம்பு. முந்தின வாரம்வரை சரியாகச் சொன்ன மகன் போட்டோவும் சொம்பு. நான் கத்திவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐந்து நாள் ஒரு சத்தமில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னோடு மல்லுக்கு நின்ற வாய் அது. இனித் திறக்காதோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"என் மெஷினும் இதையேதான் செய்யும் மாமா," என்றாள் மருமகள். "ஒண்ணையே ஊட்டினா பழசையெல்லாம் அழிச்சிடும். கலந்து காட்டுங்க. தப்பா சொன்னா திட்டாம, சரியானதச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க."

"உன் மெஷினு சொம்புல தண்ணி குடிச்சிருக்குதாம்மா?"

இல்லை என்று ஒத்துக்கொண்டாள். அதோடு விட்டேன்.

மருமகள் வேலைக்குப் போனதும் கரண்டி, சீப்பு, தட்டு, சொம்பு, போட்டோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். கலந்து காட்ட ஒரு படிப்பா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை, பிறகு மறுபடி கலைத்து. கத்தவில்லை, தொண்டை கட்டியிருந்தது. இரண்டாம் நாள் சீப்பைப் பார்த்து "தலை" என்று முனகினாள். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் சரியாக வந்தது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து அவள் அண்ணன் பார்க்க வந்தார். படித்தவர்கள் மெஷினை வைத்துக்கொண்டு முழித்ததையும், கலந்து காட்டும் முறையை நானே கண்டுபிடித்ததையும் விளக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.

"பொய்யி," என்றாள்.

"பாத்தீங்களா மச்சான்," என்றேன், "எவ்ளோ தெளிவா பேசுறா."