மகனுக்கு ஒரு மதர்போர்டு

மகனுடைய கம்ப்யூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனது. மாடியிலிருந்து "அம்மா, கரண்ட் இருக்குதுங்களா?" என்று குரல் வந்தபோது நான் கீழே தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

மல்டிமீட்டரோடு மாடியேறும் அம்மா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்வதுண்டு. செய்யட்டும். கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மோட்டாரை ஓடவிட்டு, சூடு பார்த்து, சத்தம் கேட்டு, தேறும், தேறாது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன், நாளைக்கு வரப்போகும் சம்பந்தி வீட்டாரையும் தட்டித்தான் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் போனபிறகு அப்படிச் சொல்லவும் ஆள் கிடையாது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்தேன். அதன் ஃபேன் சுற்றியது. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. மெமரியை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"மதர்போர்டு போயிருச்சு கண்ணு," என்றேன்.

"அப்படீங்களா," என்றான். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஏதோ யோசனையில் இருந்தான்.

அவன் பெங்களூரில் ஒரு கட்டட வரைபடக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கொரோனா வந்தபோது எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்கு வந்து மாடியறையில் உட்கார்ந்தவன்தான். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். இவன் மட்டும் ஏதேதோ அனுமதி வாங்கி இருந்துவிட்டான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்து கிளம்பிவிடுவானோ என்ற பயம்.

இருந்தான் என்றுதான் பேர். காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை கழற்றமாட்டான். சாப்பிட வரும்போது போனும் கூடவே வரும். "சரிங்மா", "போதுங்மா", "அப்புறம் பாக்கறேனுங்மா", இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவன் வீட்டில் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அவன் வருவதற்கு முந்தைய தனிமையையும் எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்குச் சோறு பொங்குவது, டிவியை யாருக்காகவோ ஓடவிடுவது, பால்காரரிடம் வேண்டுமென்றே பேச்சை வளர்ப்பது. அதற்கு இது எவ்வளவோ தேவலை. தலைக்கு மேலே அவன் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தமாவது கேட்கும்.

சமீபமாக அவனுடைய ஆபீஸ் போன்களில் "கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்பது அடிக்கடி காதில் விழுந்தது. பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் போர்டு போனது. எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நல்ல கம்ப்யூட்டர் ஒன்று மாடியறையில் நிலையாக உட்கார்ந்துவிட்டால் அவனும் உட்கார்ந்துவிடுவான். என் செலவில் வாங்கித் தருகிறேன், போர்டை நான்தான் பார்த்து எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவன் மறுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் படித்தேன். பழைய போர்டு வகை இப்போது வருவதில்லை. போர்டு மாறினால் பிராசஸரும் மெமரியும் கூடவே மாறவேண்டும். தமிழில் வீடியோ போடும் பையன்கள் சிலர் தெளிவாகச் சொல்கிறார்கள், பாதி நேரம் பின்னணி இசையை நிறுத்தினால் இன்னும் தெளிவாக இருக்கும். சிப்செட் என்பது போர்டின் மேல் தனியாக இருக்கும் ஒரு சில்லு. மெமரியோடும் கிராபிக்ஸ் கார்டோடும் பிராசஸர் நேராகப் பேசிக்கொள்கிறது. மற்றபடி டிஸ்க், யூஎஸ்பி, நெட்வொர்க் என்று பெரும்பாலானவை சிப்செட் வழியாகத்தான் போய்வருகின்றன. நாளைக்கு எத்தனை சாமான் கூடுதலாக மாட்டலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. மேனுவலை இறக்கிப் படித்தேன். ஒரு போர்டில் இரண்டாவது டிஸ்கைச் செருகினால் பக்கத்தில் பழைய வகை டிஸ்க் மாட்டுவதற்கான சாட்டா போர்ட்டுகளில் இரண்டு வேலை செய்யாதாம். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆறு போர்ட் என்று இருந்தது. செத்துப்போகும் இரண்டைப் பற்றி உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. இன்னொரு போர்டில் சிப்செட் உயர்ந்த ரகம், ஆனால் பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லை. சூடு பார்த்தே வயசான எனக்கு அது ஆகவில்லை.

எங்கள் பக்கம் வீடு கட்டினால் யாரும் மேலே முடித்துவிடமாட்டார்கள். தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேல் ஒரு ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டுவைப்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணமானால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் விட்டார். நான் போர்டு பார்த்ததும் அதே புத்தியில்தான். நான்கு மெமரி துளை, மூன்று டிஸ்குக்கு இடம், அடுத்து வரும் பிராசஸரும் உட்காரும் சாக்கெட். இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் மெமரி, அதற்கடுத்து பிராசஸர் என்று மாடியறையில் அவனுக்கு வருஷங்களை அடுக்கிக்கொண்டே போனேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் காந்திபுரம் போனோம். இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பி வெகுநாளாகியிருந்தது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன். மதர்போர்டு வாங்கப் பட்டுக்கரைச் சேலை கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். நான் தேர்ந்தெடுத்த பெரிய போர்டின் பெயரைச் சொல்லி, "ஏனுங்க, இதுல ரெண்டாவது டிஸ்க் போட்டா எந்தப் போர்ட்டுங்க போகும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுவும் போகாதுங்கக்கா. ஏனுங்கக்கா, நம்ம கடையிலயே வந்து உக்காந்துக்குங்களேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் கண்ணாடி மேசைக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்தச் சின்னது போதுங்மா," என்றான்.

அவன் காட்டிய போர்டு ஒரு சாண்கூட இருக்காது. இரண்டே மெமரி துளை. கார்டு மாட்ட ஒரே இடம்.

"இதுல நாளைக்கு என்னத்தக் கண்ணு சேக்க முடியும்?"

"சிப்செட் ரெண்டுலயும் ஒண்ணுதாங்மா. சைஸ்தான் சின்னது."

"உன்ற பெரிய பொட்டிக்குள்ள அது தொலைஞ்சு போயிரும்."

கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். "பெரிய பொட்டி வேண்டாமுங்கக்கா. தம்பி புதன்கிழமையே போன் போட்டு, கைப்பிடி வெச்ச சின்ன கேபினட் சொல்லிப்போட்டாருங்க. வந்திருச்சு. பெங்களூர் பஸ்ஸுல மடியிலயே வெச்சுட்டுப் போயிரலாமுங்க."

கடைக்குள் ஏசி ஓடியது. எனக்கு வியர்த்தது. கோபம்தான் முதலில் வந்தது. போகிறான் என்பதைவிட, கடைக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பது குத்தியது. அங்கேயே கத்தியிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசில் பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்கும்போது இருந்த அதே முகம். கடைக்காரர் பக்கம் திரும்பினேன்.

"சின்னதுல எத்தன ரகமுங்க இருக்குது? எல்லாத்தையும் எடுத்து வைங்க," என்றேன்.

மூன்று இருந்தன. கடைக்காரர் முதலாவதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் விடவில்லை. சின்னப் பெட்டிக்குள் காற்று போக வழி குறைவு, சூடு அங்கேயே நிற்கும். எந்தப் போர்டில் கரண்ட் பகுதியின் மேல் அலுமினியம் கனமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவன் வாங்கும் பிராசஸரை அந்தப் போர்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் அடையாளம் காணுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவதுதான் தேறியது. அங்கே போய் அவன் எந்த ரூமில் எப்படி இருப்பான் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இது ஒன்றுதான் என்னால் பார்த்துத் தரமுடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈச்சனாரி தாண்டியபின், "சொல்லோணும்னுதாங்மா இருந்தேன்," என்றான்.

"எப்பக் கண்ணு கிளம்பறே?"

"மாசம் பொறந்ததும் வரச் சொல்லிட்டாங்கம்மா. இனி தள்ள முடியாது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன். கேட்டால் கண்ணில் தூசு என்று சொல்ல நினைத்தேன், அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து மாட்டினோம். திருகுகளை நான் முடுக்கினேன், மெல்லிய வயர்களை அவன் செருகினான். அன்றைக்கு அவன் ஹெட்போன் போடவில்லை. நிறையப் பேசினான். போகப்போகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். பொத்தானை அழுத்தியதும் திரை வந்தது.

"ஓடிருச்சுங்மா, போதும்," என்றான்.

"லோடு குடுக்காம நான் எதையும் வெளிய அனுப்பினதில்லை," என்றேன்.

ஒரு பெரிய கட்டடத்தை விடாமல் வரையும்படி அதற்கு வேலை கொடுத்து, பெட்டியை மூடி, சூடு காட்டும் எண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டு அவன் முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போனான். நான் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. வேலை பார்த்த காலத்தில் நான் கெடுபிடிக்காரி என்று பேர் வாங்கியவள்தான், ஆனால் ஒரு மோட்டாராவது கெட்டுப்போகட்டும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். பெட்டியின் மேல் கையை வைத்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், ஒரு கருகல் வாசம் வராதா என்று பார்த்தேன். எண் ஒரு இடத்தில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. நான் நல்லதாகத்தான் பார்த்து எடுத்திருந்தேன்.

அவன் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எப்படீங்மா இருக்குது?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பான். சூட்டு விஷயத்தில் என்னை மீறிப் பேசமாட்டான்.

"ஒரு குறையும் இல்ல கண்ணு. எடுத்துட்டுப் போ," என்றேன்.