அக்காவின் கையும் எந்திரத்தின் முட்டியும்

"2005 நவம்பர் 15, செவ்வாய். முற்பகல்: 41 முறை விழுந்தது. அதில் இரண்டு முறை நான் பிடித்துவிட்டேன். அந்த இரண்டும் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்."

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. விழுந்தது ஓர் எந்திரம். இடுப்பளவு உயரம், இரண்டு கால், இரண்டு கை, தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேமரா. இடம், ஜெர்மனியின் வடக்கே ஒரு நகரத்தில் உள்ள ஆய்வுக்கூடம். எப்படி நடப்பது என்று அந்த எந்திரத்துக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஓர் அடி முன்னே போனால் மதிப்பெண் கூடும், விழுந்தால் குறையும்; மீதியை அதுவே கண்டுபிடிக்கவேண்டும் என்பதுதான் ஆய்வு. எந்த நேரத்தில், எத்தனையாவது அடியில், எந்தப் பக்கமாக விழுந்தது என்று எழுதிவைப்பது என் வேலை. செங்கல்பட்டில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சிறுசேரியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், கடல் கடந்து வந்து விழுவதை எண்ணிச் சம்பளம் வாங்கினேன்.

பிடித்தது வேண்டுமென்று செய்ததல்ல. திருப்போரூர் பேருந்தில் முன்பின் தெரியாதவர் தடுமாறினாலும் நான்கு கைகள் நீளும், அந்தப் பழக்கம். ஆய்வின் தலைவி ஊலா, பொறுமையான பெண்மணி, "ரஃபீக், தயவுசெய்து தொடாதே. நீ பிடித்தால் அது உன் கையை நம்பக் கற்றுக்கொள்ளும்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை என் மேசைமேல் முனையில் இரும்பு வைத்த பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி இருந்தது. எந்திரம் என் காலில் விழுந்துவிடுமோ என்று நான் பயந்து கை நீட்டியதாக அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அந்தக் காலணியை இன்னமும் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம், டிசம்பரில், பனி உறைந்த நடைபாதையில் நான் மல்லாக்க விழுந்தபோது, இரண்டு மீட்டர் தள்ளி நின்ற ஒருவர் கைகளைப் பைக்குள் வைத்தபடியே "ஆல்லஸ் குட்?" என்று கேட்டார். எல்லாம் நலமா என்று அர்த்தம். நலம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நானே எழுந்தேன்.

வீழ்ச்சியை எழுதிவைப்பது எனக்குப் புதிதல்ல. என் முதல் பதிவேடு தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம். அதில் 1991ஆம் ஆண்டின் சில தாள்களில் வெறும் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் என் அக்கா மெஹருன்னிசா விழுந்த ஒரு முறை. (இந்தக் கட்டுரையில் முதலில் ஜூன் மாதம் என்று எழுதியிருந்தேன். தாள்களை எடுத்துப் பார்த்தேன், ஜூலை.)

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு வயதில் போலியோ. வலது தொடையில் சதைக்கு வலு கிடையாது; காலை ஊன்றினால் முட்டி மடங்கிவிடும். அதனால் வலது கையைத் தொடைமேல் வைத்துப் பின்னோக்கி அழுத்தி முட்டியைப் பூட்டிக்கொண்டு நடப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள்; கடைத்தெருவில் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) ஜவுளிக்கடை. அக்கா தையல் தைப்பாள். மீனவர் குப்பத்துப் பெண்களுக்கு அளவெடுக்க, இஞ்சுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்தே போவாள். வலது கை தொடையைத் தொடுமுன் ஆடையின் மடிப்பு ஒன்றை விரலால் சேர்த்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் வியர்த்த கை வழுக்கும். அந்த இடத்தில் துணி சீக்கிரம் இற்றுப்போகும் என்று தன் உடைகளுக்கெல்லாம் உள்பக்கமாக ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்வாள். வெளியே பார்த்தால் தெரியாது.

அந்த ஜூலையில் செங்கல்பட்டில் ஒரு மருத்துவர் இரும்புப் பட்டையும் தோல்வாரும் கனத்த பூட்சும் சேர்ந்த கேலிப்பரை மாட்டிவிட்டார். மருத்துவமனை வராந்தாவில் அக்கா கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நடந்தாள். அத்தா அழுதுவிட்டார். ஊருக்கு வந்து மணலில் இறங்கியதும் பூட்ஸ் புதைந்தது. இரும்பு காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போனது. ஐந்து வாரத்தில் பதினேழு கோடுகள். பதினேழாவது கோடு போட்ட நாள் மாலை அவள் கேலிப்பரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"டாக்டர் சொல்றாரு இல்ல, கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேம்மா" என்றார் அத்தா.

"டாக்டரு சிமிட்டித் தரையில கீறாரு அத்தா. நான் மணல்ல கீறேன்."

என் பக்கம் திரும்பி, "நீ இன்னாடா, நான் வுழுறத்த எழுதிகினு கீற? பரீச்சைல கேக்கப்போறாங்களா?" என்று காலண்டர் தாளைப் பிடுங்கினாள். அதன் கிழிந்த மூலை இப்போதும் அப்படியே இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைவிட, எந்திரத்தைப் பார்த்துவிட்டு அக்காவை நினைத்தபோதுதான் அதிகம் விளங்கியது. எந்திரம் சரிய ஆரம்பித்தபின்தான் சரிசெய்யும். கணக்கு எவ்வளவு வேகமாக இருந்தாலும், நடந்துவிட்டதற்குப் பின்னால்தான் அது ஓடும். அக்காவின் கை, கால் மணலைத் தொடுமுன்பே தொடையில் இருக்கும். காய்ந்த மணலா, அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலா என்பதை முந்தைய அடியில் உள்ளங்கால் சொல்லியிருக்கும்; அடுத்த அடிக்கு எவ்வளவு அழுத்தவேண்டும் என்று கை முடிவெடுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே அக்கா குப்பத்துப் பெண்ணொருத்தியோடு ஜாக்கெட்டின் கழுத்து ஆழத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பாள். எங்கள் கரையில் கால் உடைந்த நண்டு, மீதிக் கால்களின் வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த நிமிடமே ஓடுகிறது. ஓடாவிட்டால் காக்கை இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்து போனபின் கரையின் சரிவே மாறிவிட்டது; அக்கா அந்தப் புதுச் சரிவுக்கு இரண்டே நாளில் பழகினாள். எந்திரத்துக்கு அது நடக்கும் ரப்பர் விரிப்பை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆயிரக்கணக்கான முறை விழவேண்டும்.

இதைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன்.

"ஆயிரம் தபாவா? அடி பட்டா அழுமா அது?"

"அழாதுக்கா."

"வெக்கப்படுமா?"

"படாது."

"அப்ப இன்னாத்துக்கு அது சீக்கிரம் கத்துக்கப்போவுது? நாலு பேரு பாக்க ஒரு தபா மீன் மார்க்கெட்டுல வுழச் சொல்லு, கத்துக்கும்."

மொழிபெயர்த்து ஊலாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

2007 ஜனவரியில் விடுமுறைக்கு வந்தபோது ஆய்வுக்கூடத்தின் வீடியோ கேமராவைக் கடன் வாங்கி வந்தேன். எந்திரத்துக்கு மணற்பெட்டியில் பயிற்சி தொடங்கியிருந்தது, நிற்கவே முடியவில்லை. மணலில் நடப்பவர்களின் படங்கள் வேண்டும் என்று ஊலா கேட்டிருந்தார். மணலில் என் அக்காவைவிட நன்றாக நடக்கும் எவரையும் எனக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள்.

"எடுத்துக்கோ. ஆனா என் பேரு போடணும். நொண்டி, ஊனம்னு எவனாச்சும் எழுதி வெச்சான்னா, கேமராவோட சேத்து உன்னையும் கடல்ல போட்டுருவேன்."

"அப்படி எழுத மாட்டாங்கக்கா."

"உன் பேச்ச நம்பித்தான் நடக்கறேன்."

ஊரின் பழைய டச்சுக் கோட்டைப் பக்கத்திலிருந்து குப்பம்வரை நடந்தாள். ஈரமணல், உலர்மணல், சரிவு, வலை காயும் மேடு. ஒரு முறைகூட விழவில்லை. படமெடுத்தபடி பின்னோக்கி நடந்த நான் இரண்டு முறை விழுந்தேன். கேசட்டில் அவள் சிரிப்பு பதிவாகியிருக்கிறது.

ஊலா படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அற்புதம்" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். அக்காவின் இடுப்பு, முட்டி, கணுக்கால் மேல் புள்ளிகள் வைத்து எண்களாக்கினார்கள். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, வீழ்ச்சிப் பதிவுகளை ஏற்றும்போது கம்ப்யூட்டரில் பார்த்தேன். அக்காவின் எண்கள் 'ஃபேலர்ஹாஃப்ட்' என்ற பிரிவில் கிடந்தன. பிழையுள்ளவை என்று பொருள். அதே பிரிவில் எந்திரம் விழுந்த படங்களும் இருந்தன. ஒரு தடவைகூட விழாத என் அக்கா, நாற்பத்தொரு முறை விழுந்ததன் பக்கத்தில் இருந்தாள்.

ஊலாவிடம் போனேன். "இது ஒரு வகைப்பாடு மட்டும்தான், ரஃபீக். எதைச் செய்யக்கூடாது என்று எந்திரத்துக்குத் தெரியவேண்டாமா?" என்றார்.

"அவள் செய்வதைத்தான் அது செய்யவேண்டும். மாற்றுங்கள்."

"என்னவென்று மாற்றுவது?"

"மணல் நடை, மெஹருன்னிசா."

"ஒரே ஆளை வைத்து ஒரு வகை உண்டாக்க முடியாது. உன் வருத்தம் புரிகிறது. அவருக்கு நல்ல சிகிச்சை கிடைக்கவில்லை, இல்லையா?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். பதினாறு வருடங்களுக்குமுன் அத்தா அழுததும் அன்பால்தான். எனக்கு அந்த அன்பு வேண்டியிருக்கவில்லை. சரியான நடை என்று ஒன்று இருக்கிறது, அது சிமிட்டித் தரையில் இரண்டு வலுவான தொடைகளோடு நடப்பது, மற்றதெல்லாம் அதிலிருந்து வழுவியது என்று யார் தீர்மானித்தது? உயிருள்ள உடம்புக்குத் திட்ட வரைபடம் கிடையாது. இருக்கும் சதை, இருக்கும் தரை, போகவேண்டிய வீடு, இந்த மூன்றுக்கும் நடுவே அது கண்டுபிடிக்கும் விடைதான் நடை. எந்திரத்திடம் இவர்கள் கேட்பதும் அதைத்தானே? எழுதிக்கொடுக்காமல் நீயாகக் கண்டுபிடி என்கிறார்கள். இரண்டு வயதில் அதைக் கண்டுபிடித்த ஒருத்தியைக் கொண்டுவந்து காட்டினால் பிழை என்கிறார்கள். இதை என் அரைகுறை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. கேசட்டைத் திருப்பிக் கேட்டேன். எண்களையும் அழிக்கவேண்டும் என்றேன். "ஏப்ரலில் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டும். தெரியும்தானே?" என்றார் ஊலா.

தெரியும் என்றேன். கேசட்டைக் கொடுத்தார். அவர் கண்ணெதிரில் எண்களை நானே அழித்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது அதே நகரத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை செய்கிறேன். இரும்பு முனைக் காலணி அங்கே உதவுகிறது. ஊரில் சிலர், அக்காவின் பெயருக்காக வேலையை விட்டானாம் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. ஆமாம், அதற்காகத்தான். எழுத்திலேயே பதிந்துவைக்கிறேன்.

2008 அக்டோபர் 21, செவ்வாய். ஊலாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இரண்டே வரி: "இதை நீ பார்க்கவேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை." கூடவே பதினான்கு விநாடிப் படம். கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும் ஒரு சாம்பல்நிற உருவம். மணல்போன்ற தரை. வலது முட்டியின் வலுவை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். மூன்று அடி தடுமாறுகிறது. நான்காவது அடியில் வலது கை இறங்கித் தொடைமேல் அமர்கிறது, கால் தரையைத் தொடுமுன்பே. பிறகு விழவில்லை.

நான் அழித்த எண்களின் பிரதி வேறு கம்ப்யூட்டரில் இருந்ததா என்று பதில் எழுதினேன். "எனக்குத் தெரிந்து இல்லை" என்று வந்தது. 'எனக்குத் தெரிந்து' என்பதை அவர் ஏன் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "தானா கத்துகிச்சுன்னா நான் செஞ்சது சரின்னு ஆச்சு. என்ன பாத்து கத்துகிச்சுன்னா நான் அதுக்கு வாத்தியாரு. எப்டிப் பாத்தாலும் அவங்க அந்த 'பிழை'ன்ற பேர மாத்தித்தானே ஆவணும்?" என்றாள். பிறகு, "மடிப்பப் புடிக்குதா பாரு. அத நான் மட்டும்தான் செய்வேன்" என்றாள்.

பார்த்தேன். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். உருவத்துக்கு ஆடை கிடையாது. பிடிக்க மடிப்பும் கிடையாது. தானாகக் கற்றிருந்தால் விரல்கள் விரிந்தபடி இருக்கவேண்டும். கை தொடையைத் தொடுமுன் விரல்கள் ஒரு கணம் குவிவதுபோல இருக்கிறது. படம் மங்கல். கிடங்குக்குப் போகும் வழியில் பனி உறைந்த பதினொரு படிகள் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் அதில் இறங்கும்போது என் வலது கை தானாகத் தொடைக்குப் போவதைக் கவனித்தேன். கோட்டின் துணியை விரல்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. இரண்டு கால்களும் வலுவுள்ளவன் நான்; எப்போது கற்றேன் என்று என் எந்தக் குறிப்பிலும் இல்லை.

அந்த உருவத்தின் விரல்கள் குவிகின்றனவா இல்லையா என்பது, 2009 பிப்ரவரியில் இதை எழுதும்வரை, சரிபார்க்கப்படவில்லை.