குளோரின் போட்ட கை

போன ஞாயிறு பண்டத்தரிப்பில் ஒரு கொலை செய்தேன். ஒன்றல்ல, கோடிக்கணக்கில். பொலிஸ் வராது... அதுதான் கவலை.

என் நண்பர் சிவபாலன் அண்ணையின் கிணற்றில் மூன்று வருடமாக எண்ணெய் மிதக்கிறது. பக்கத்துக் கராஜில் நிலத்தில் ஊற்றிய கழிவு ஒயில். வீட்டில் கிணறு இருந்தும், பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர் அவர் மனைவி மங்கை அக்கா.

"என்ரை கிணத்துத் தண்ணியிலை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடுவன்" என்பார் அக்கா.

கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் அக்காவின் பெறாமகள், தமக்கையின் மகள் வாணி வழி சொன்னாள். அந்தக் கிணற்றிலேயே எண்ணெயைத் தின்னும் பக்டீரியாக்கள் இருக்கின்றனவாம். தீனி போட்டு வளர்க்க வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு. "கிருமியை வைச்சுக் கிணறு துப்புரவாக்கிறதோ, பிள்ளை?"

"ஓம் மாமா. வெளிநாட்டிலை நிலத்தடித் தண்ணியிலை கரைஞ்ச யுரேனியத்தையே பக்டீரியா மாத்திப்போடும். பிறகு அது கரையாமல் மண்ணோடை படிஞ்சிடும். ஒயில் எம்மாத்திரம்?"

ஞாயிறுதோறும் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனாள். எண்ணெய்ப் படை மெலிந்தது. "இன்னும் ரெண்டு மாசம், சித்தி" என்றாள். மங்கை அக்கா அதன்பிறகு இரண்டு கிழமைதான் உயிரோடு இருந்தார்.

போன ஞாயிறு அக்காவின் முப்பத்தோராம் நாள். அண்ணை அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலை போயிருந்தார். வீடு கழுவி, கிணறு இறைத்துச் செத்தவீட்டுத் துடக்குக் கழிப்பது நம் வழக்கம் அல்லவா? நான் பொறுப்பெடுத்தேன். மோட்டரைப் போட்டு அடிவரை இறைத்தேன். ஊறிவந்த தண்ணீரில் குளோரின் தூளைக் கொட்டினேன் — அக்காவுக்காக, தாராளமாக. வாணி சொன்னது நினைவுக்கு வந்ததா? இல்லை. கை பழக்கத்தில் போய்விட்டது.

வாணி போத்தலோடு வந்தாள். மணத்திலேயே விளங்கிவிட்டது.

"குளோரின் போட்டியளோ, மாமா?"

"ஓம் பிள்ளை."

"அப்ப... திரும்ப முதலிலையிருந்து தொடங்கவேணும்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தாள். கராஜ்காரன் அலட்சியத்தில் ஊற்றினான். நான் சுத்தம் என்று நினைத்து ஊற்றினேன். நாங்கள் துப்புரவாக்கும்போது, அங்கே எது உயிரோடு இருக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

மதியம் அண்ணை வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தண்ணி தெளிஞ்சிட்டுது. மங்கைக்கு இதிலை ஒரு தேத்தண்ணி போட்டுப் படைப்பம்."

அடிவரை இறைத்ததால் வந்த தெளிவு அது; மண்ணில் ஊறிய ஒயில் திரும்பக் கசியும் என்று எனக்கும் வாணிக்கும் தெரியும். பிறகு குசினிக்குப் போய், பவுசர் தண்ணீரில் கேத்திலை வைத்தேன். அண்ணைக்குச் சொல்லவில்லை.

அண்ணை நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர்.