முள்ளில் விழுந்த தட்டு

தட்டு முள்ளில் விழுந்தால் என்ன செய்யலாம் என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. விழுந்த இடத்திலேயே நின்று எறியலாம். முடியாது என்றால், கூடைக்கு நேர்கோட்டில் பின்னால் நகர்ந்து வந்து நல்ல தரையில் நின்று எறியலாம். அதற்கு ஒரு எறி கூடுதலாக எழுதப்படும். கிளையை ஒடிக்கக் கூடாது. குளவி, பாம்பு என்று ஆளைக் கொட்டுகிற, கடிக்கிற ஏதாவது அங்கே இருந்தால் மட்டும் கூடுதல் எறி இல்லாமல் சும்மாவே பின்னால் வரலாம். இவ்வளவுதான் சங்கதி. இது மண்டையில் ஏற ஐந்து பெரிய மனிதர்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போன இடத்தில் இந்த டிஸ்க் கோல்ஃபைக் கற்றுக்கொண்டு வந்தேன். பந்துக்கும் மட்டைக்கும் பதில் கையால் எறிகிற தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்குகிற கூடை. குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவர் ஜெயித்தவர். பெருமுக்கல் போகிற வழியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஏரி ஒன்றில், வெல்டிங் பட்டறையில் பழைய சைக்கிள் செயின் வைத்துச் செய்த ஒன்பது கூடைகளை நட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரும் அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் வருவார்கள். விதிகளைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நோட்டும் பேனாவும் என் தலையில் விழுந்தன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான், யாரைக் குறை சொல்ல?

என் கணவர் விழுப்புரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் நின்று கால் வீங்கிவிடும். ஷூ கடிக்கிறது என்று ரப்பர் செருப்பிலேயே ஆட வருவார். எட்டு வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் பாதி உணர்ச்சி இல்லை. “ஷூ போட்டுக்கினு வாங்க” என்று வாராவாரம் சொன்னேன். ஒரு கட்டத்தில் சொல்வதையும் விட்டுவிட்டேன். வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஐந்தாவது கூடைக்குப் பக்கத்தில் ஒரு சீமைக்கருவேலம் புதர். ஒரு மாதம் அதில் குளவிக்கூடு இருந்தது. அப்போது அவர் தட்டு உள்ளே போனபோது நானே போய்ப் பார்த்து, சும்மா பின்னால் வரச் சொன்னேன். நண்பர்களில் பாங்கில் வேலை பார்க்கிற ஒருவர் உண்டு, வாய் கொஞ்சம் அதிகம். “வீட்டுக்காரருன்னா ஃப்ரீதான் மேடம்” என்று சிரித்தார். அதற்கடுத்த வாரமும் சொன்னார், அதற்கடுத்த வாரமும் சொன்னார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் முழுக்கப் போட்டிக்காகப் பிள்ளைகளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தே ஓய்ந்திருந்தேன். நாலாவது கூடைக்கு அருகில் இருந்த பனைமர நிழலில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசில்லை. என் கணவர் எறிந்த தட்டு நேராக அந்தப் புதருக்குள் போனது. அதுவரை ஒரே ஒரு எறி வித்தியாசத்தில் அவர்தான் முன்னால் இருந்தார்.

“குளவி இருக்குது போல. பின்னால வந்துடறேன்” என்று அங்கிருந்து கத்தினார்.

பாங்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் சிரிக்கவில்லை, சிரிக்கத் தயாராக இருந்தார்.

“குளவில்லாம் ஒண்ணும் இல்ல. பின்னால வந்தா ஒண்ணு எழுதுவேன்” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நானும் கத்தினேன்.

என் கணவர் நிழலில் உட்கார்ந்திருந்த என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முட்களைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே நின்று எறிந்த எறி கூடைக்கு ஓரடி தள்ளி விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எந்தக் குளவியும் கொட்டவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு நோட்டில் எழுதினேன்.

ஒன்பது நாள் கழித்து, துவைக்க எடுத்த படுக்கை விரிப்பில் கால்மாட்டுப் பக்கம் கறை இருந்தது. அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது விரலுக்குக் கீழே கறுத்து, சீழ் வைத்து, நாற்றம் அடித்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தால், ரப்பருக்குள் ஒடிந்த முள் அப்படியே இருந்தது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. விரலை எடுத்தால் பாதம் தப்பும், நாள் கடத்தினால் பாதமும் போகும் என்றார். “ஒரு முள்ளுக்கு ஒரு வெரலா? மருந்துல சரியாயிடும்” என்று இவர் இரண்டு நாள் கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடித்தார். பஸ்ஸில் ஏறி நிற்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். அந்த இரண்டு நாளும் எனக்கு உடம்பெல்லாம் களைத்துப்போயிருந்தது. அவரோடு சண்டை போட்டேன், கெஞ்சினேன், வராந்தாவில் போய் அழுதேன். அவர்மேல் கோபம்தான். என்மேல் அதைவிடக் கோபம், ஆனால் அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். விரல் போனது, பாதம் தப்பியது.

இப்போது அவருக்கு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தட்டுகளையெல்லாம் பரண்மேல் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அவரேதான் இறக்கச் சொன்னார். “வீட்லயே குந்திக்கினு பேஜாரா இருக்குது” என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கனமான செருப்பைப் போட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்.

ஐந்தாவது கூடை. எறிந்தார். தட்டு போயும் போயும் அதே புதரில் போய் உட்கார்ந்தது.

பாங்க்காரர்தான் முதலில், “சார், சும்மா பின்னால வாங்க சார். எழுத வேணாம் மேடம்” என்றார். குரலில் கேலி இல்லை.

நான் எழுந்தேன். அவ்வளவு தூரமும் நடந்து போய், புதரைச் சுற்றி நாலு பக்கமும் குனிந்து பார்த்தேன். ஒரு எறும்புகூட இல்லை.

“குளவி இல்லங்க” என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. “அன்னைக்கி நான் வந்து பாக்கவே இல்லங்க. உக்காந்த எடத்துலருந்தே இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவர் நீளக் குச்சியால் தட்டை வெளியே தள்ளி எடுத்து, அதன் மண்ணைச் சட்டையில் துடைத்தார்.

“தெரியும்” என்றார். “அவ்ளோ தூரம் கத்தறேன், நீ எழுந்திருக்கக்கூட இல்ல. அந்தக் கோவத்துலதான் உள்ள பூந்தேன்.”

கூடையையும் புதரையும் ஒரே நேராகக் கண்ணால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். முள் இல்லாத தரை வந்ததும் நின்றார்.

“ஒண்ணு எழுதிக்கோ” என்றார்.

எழுதினேன்.