யாருடைய ரத்தம் சேர்ந்தது?

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளை உயிர் பிழைத்தாள். அதனாலேயே ஒரு குடும்பம் உடையப் பார்த்தது. நம்ப முடிகிறதா?

முனியாண்டியின் மகள் செல்விக்கு எட்டு வயது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்கு அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள், சறுக்கி, கீழே கிடந்த கத்தியின் மேல் விழுந்துவிட்டாள். தொடையில் ஆழமான வெட்டு. தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றார்கள். ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது எங்கள் லயத்துக்குப் புதிது. பிள்ளையின் அம்மா லெட்சுமி கட்டிலைவிட்டு நகரவில்லை. லாரியில் வந்த ஆண்கள்தான் கையை நீட்டினோம்.

கண்ணாடித் துண்டில் இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்ப்பார்கள். பால் மாதிரித் திரிந்தால் சேராது. முனியாண்டியின் ரத்தம் திரிந்தது. என்னுடையதும் திரிந்தது. முனியாண்டி வீட்டுக்கு அடுத்த காம்பரா செபஸ்தியானுடையது மட்டும் சேர்ந்தது. கல்யாணம் ஆகாத மனிதர். ஒரு போத்தல் ரத்தம் கொடுத்தார். பிள்ளை கண் திறந்தாள்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு தொடங்க எத்தனை நாள் ஆகும்? மறுநாள் காலையே போதும்.

"பெத்த அப்பன் ரத்தம் சேரலயாம். அடுத்த வீட்டுக்காரன் ரத்தம் சேருதாம். நான் ஒன்னும் சொல்லலப்பா..." என்றார் ராக்கம்மா. ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொல்லத் தெரிந்தவர்.

முனியாண்டி வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போகும்படி, கொத்மலையில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். செபஸ்தியான் கதவைச் சாத்திக்கொண்டார். ரத்தம் சேராத நாங்கள் எல்லாரும் நல்லவர்கள் — சேர்ந்தவருக்குத்தான் கெட்ட பெயர்!

லெட்சுமி அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாவின் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, புள்ளயப் பாக்கப் போறோம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு ஆத்தா?"

"பீலியில பேசுறத அங்க வந்து பேசுங்க. வாங்க."

பிள்ளையைப் பார்க்க முனியாண்டியும் வந்தார். சிங்களம் கொஞ்சம் பேசுவேன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். ஆனால் ரத்தம் பார்ப்பவர் யாழ்ப்பாணத்து ஐயா. என் சிங்களத்துக்கு வேலை இல்லை. லெட்சுமி நேரே போய்க் கையை நீட்டினார்.

"என் ரத்தம் புள்ளக்கிச் சேருதான்னு பாருங்கய்யா."

கலந்து பார்த்தார். திரிந்தது.

லெட்சுமி திரும்பினார். "அக்கா, இவளப் பெத்தப்ப கையில வாங்குனது நீங்கதானே? என் ரத்தமும் சேரல. இப்பச் சொல்லுங்க... இது யாரு பெத்த புள்ள?"

ராக்கம்மா வெற்றிலைப் பையைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

ஐயாதான் பேசினார். "இதில என்ன புதினம் அம்மா? தாயிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்ட இருந்து ஒரு பங்கு பிள்ளைக்கு வரும். உங்கள் ரெண்டு பேரிலயும் மறைஞ்சு கிடந்தது பிள்ளையில வெளியால தெரியுது. ரத்தம் சேருறதுக்குச் சொந்தம் வேணுமெண்டு இல்லை. முன்பின் தெரியாத ஆளின்ர ரத்தமும் சேரும்."

முனியாண்டி தரையைப் பார்த்தபடி நின்றார். "வீட்டுக்குப் போவோமா, லெட்சுமி?"

"மொதல்ல செபஸ்தியான் அண்ணங்கிட்டப் போங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

போன வாரம் எங்கள் தோட்டத்து மேல் பிரிவில் ஒரு பிரசவம் சிக்கலாகி, ரத்தம் கொடுக்க ஆள் தேடி லாரி வந்தது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன்னுடையது சேர்ந்து தொலைத்துவிடுமோ என்ற பயம்!

முதலில் ஏறியது லெட்சுமி.

"யாரு ரத்தம் சேந்தா என்ன? ஒரு தாயி பொழைக்கட்டும். ஏறுங்க!"

அதற்குப் பிறகு கீழே நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?