கொச்சங்காடி ஸ்டாப்பர் கற்பகம்

ஆட்டம் இருக்கிற நாளில் கற்பகம் காலையிலேயே குளித்துவிட்டு மாரியம்மன் கோவிலுக்குப் போய்விடுவாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவாள். ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டாள். எதிர் அணிக்காரர்களும் எங்கேயோ ஒரு சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தானே வருவார்கள், தாயை எதற்கு இக்கட்டில் மாட்டிவிட வேண்டும் என்பது அவள் நியாயம். யாருடைய காலும் உடையக்கூடாது, அது ஒன்றுதான் வேண்டுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றாள். இன்றைக்காவது கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. கேட்காமலே திரும்பிவிட்டாள்.

மாவட்ட லீக்கில் அன்றைக்குக் கடைசி ஆட்டம். கொச்சங்காடி ஸ்நேகிதர் கிளப்பின் ஆண்கள் அணிக்கு அவள்தான் கோச். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும், அவள் வேலையும் போய்விடும். சமனில் முடித்தாலே போதும், இரண்டும் தப்பும். சீசன் தொடங்கும்போதே கமிட்டி அப்படித்தான் பேசி வைத்திருந்தது.

அவளுடைய அப்பா சங்கிலிப்பாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாருக்கு மூட்டை தூக்க வந்தவர். கற்பகம் கொச்சங்காடியில் பிறந்தாள். இரண்டு அரிசி குடோன்களுக்கு நடுவில் லாரி திரும்புகிற இடம்தான் அவளுக்கு மைதானம். லாரி வந்தால் ஆட்டம் நிற்கும், போனால் நடக்கும். பையன்களோடு ஆடுகிறாளே என்று வாய் இருக்கிறவர்கள் எல்லாம் பேசினார்கள். சங்கிலிப்பாண்டிக்கு அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. விழுந்து எழுந்து வந்தாலும் அழாமல் வருகிறாளே, அது போதும் என்று விட்டுவிட்டார்.

அவள் அங்கே ஆடியது செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம். கேரளத்தில் செவன்ஸ் ஆடாத ஊர் இல்லை. அதில் ஆப்சைடு என்கிற பேச்சே கிடையாது. பதினொரு பேர் ஆடுகிற பெரிய ஆட்டத்தில், எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி கோலுக்குப் பக்கத்தில் போய் நிற்பவனுக்குப் பந்து அடித்தால் கொடி தூக்கிவிடுவார்கள், கோல் போட்டாலும் செல்லாது. செவன்ஸில் அப்படித் தாண்டி நிற்பவன்தான் கெட்டிக்காரன். அதனால் செவன்ஸில் வளர்ந்த தடுப்பாட்டக்காரர்கள் எதிராளியின் முதுகில் ஒட்டிக்கொண்டு கோல்வாய்வரை கூடவே போவார்கள். விட்டால் போச்சு.

கற்பகம் அந்தப் பழக்கத்தோடுதான் கோழிக்கோட்டில் ஒரு பெண்கள் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடப் போனாள். இடம் ஸ்டாப்பர், அதாவது தடுப்பு வரிசையின் நடு. முதல் ஆட்டத்தில், எதிராளியைக் கொடிக்கு மாட்டிவிட, பக்கத்தில் இருந்த மூன்று பேரும் பேசிவைத்தபடி முன்னால் ஏறினார்கள். கற்பகம் மட்டும் எதிராளியின் பின்னாலேயே ஓடினாள். அவள் ஒருத்தி பின்தங்கி நின்றதால் கொடி எழவில்லை. கோல் விழுந்தது. மழைக்காலம் முடிகிறவரை அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. எதிரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் நடக்க வேண்டுமென்றால், கூட இருக்கிற மூன்று பேரும் நடப்பார்கள் என்று நம்ப வேண்டும். சாமியை நம்புகிறவளுக்கு மனுஷரை நம்புவதா கஷ்டம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மனுஷரை நம்புவதுதான் கஷ்டம். ஆனாலும் பழகினாள். அதற்கப்புறம் பல சீசன் அவள் இல்லாமல் அந்த வரிசை இல்லை. கோவா, கொல்கத்தா எல்லாம் போய் ஆடினாள். கடைசியில் முழங்கால் திருகி, ஆபரேஷன் ஆகி, மைதானத்தைவிட்டு நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அவள் கோச் லைசென்ஸுக்குப் படிக்கப் போனாள். பாஸ் செய்துவிட்டு வேலை கேட்ட கிளப்புகளில் எல்லாம், லீவு நாளில் குழந்தைகளுக்குப் பந்து உருட்டச் சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். ஸ்நேகிதர் கிளப்பின் செக்ரட்டரி ராமபத்ரன், பஜாரில் மிளகு ஏலக்காய் வியாபாரம் செய்பவர், அவராகத்தான் கூப்பிட்டார். பழைய கோச் சொல்லாமல் கொள்ளாமல் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார், வேறு யாரும் வரத் தயாராக இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அணியில் எல்லாரும் செவன்ஸ்காரர்கள். அவர்களில் பெரிய தலை ரமேஷ்பாபு. பகலில் ஆட்டோ ஓட்டுவான், இரவில் மலப்புறம்வரை போய்ச் செவன்ஸ் ஆடுவான். அவன் பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்கும். தடுப்பில் தனியாளாக நின்று மூன்று பேரை மறிப்பான். மற்றவர்களை நம்ப வேண்டிய தேவை அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

கற்பகம் குடோனிலிருந்து மூட்டை கட்டுகிற கயிறு கொண்டுவந்தாள். தடுப்பு வரிசை நாலு பேரின் இடுப்பிலும் இடைவெளி விட்டுக் கட்டினாள். ஏறினால் நாலு பேரும் ஏற வேண்டும், இறங்கினால் நாலு பேரும் இறங்க வேண்டும். ஒருவன் தங்கினால் கயிறு இழுத்து அத்தனை பேரும் விழுவார்கள். விழுந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த சாயாக்கடைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"சேச்சி, பால் கறக்கறது எப்போன்னும் சொல்லிடுங்க" என்றான் ரமேஷ்பாபு, இடுப்புக் கயிற்றைக் காட்டி.

"மொதல்ல ஒழுங்கா நட. கறவை அப்புறம் பாக்கலாம்."

தினமும் காலையில் கயிறு. கோட்டுக்கு வெளியே நின்று அவள் மலையாளத்தில் "கேறு", அதாவது ஏறு, என்று கத்துவாள், நாலு பேரும் ஏறுவார்கள். சீசன் பாதி கழிந்தபோது யாரும் விழவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆடினால் மட்டும், ரமேஷ்பாபுவின் கால் சில நேரம் பின்னாலேயே தங்கிவிடும். அதனாலேயே சில ஆட்டம் போயிற்று. அப்படித்தான் எல்லாம் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நின்றது.

பரேடு மைதானத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். எதிர் அணிக்காரர்கள் செண்டை மேளத்தோடு வந்திருந்தார்கள். சங்கிலிப்பாண்டி தலைத்துண்டை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோல்கீப்பர் பிஸ்மி சொல்லிக் கம்பத்தைத் தொட்டான். கற்பகம் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல் பாதி முடியப் போகிற நேரம். எதிரணி பந்தை நீளமாக அடிக்கப் போகிறது என்று தெரிந்து கற்பகம் "கேறு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். செண்டைச் சத்தத்தில் அது பக்கத்தில் நின்ற மூன்று பேருக்குக் கேட்டது, தள்ளி நின்ற ரமேஷ்பாபுவுக்குக் கேட்கவில்லை. மூன்று பேர் ஏறினார்கள். அவன் பழைய பழக்கத்தில் எதிராளியின் முதுகோடு போனான். கொடி எழவில்லை. கோல்.

இடைவேளையில் ராமபத்ரன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். இந்தக் கொடி விளையாட்டெல்லாம் போதும், பழையபடி ஆளுக்கு ஒருவனைப் பிடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் கமிட்டிக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

கற்பகம் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். அவள் கண் அப்பாவின் தலைத்துண்டின் மேல் இருந்தது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பெரிய இரும்புப் பெட்டியை நாலு பேர் மூங்கிலில் கோத்துத் தோள் கொடுத்து நின்றார்கள். முதலாளி படியில் நின்று, தூக்கு தூக்கு என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. மூங்கிலுக்கு அடியில் நின்றவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் கொடுத்தார். பெட்டி பூப்போல எழுந்தது. பஜாரில் இன்றைக்கும் அதுதான் முறை. சுமைக்கு வெளியே நிற்பவர் குரலுக்கு யாரும் தூக்குவதில்லை, தூக்கினால் தோள் இறங்கிவிடும். இத்தனை மாதமாகத் தானும் படியில் நின்றே கத்திக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏறித்தான் ஆடுவாங்க சார்" என்றாள். "தோத்தா பழி என்னோடது."

பிறகு ரமேஷ்பாபுவைத் தனியே கூப்பிட்டாள். தன்னை வெளியே எடுக்கப் போகிறாள் என்று நினைத்து அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துவிட்டான்.

"கட்டுடா அதை. இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். கேறுன்னு நீதான் சொல்லணும்."

"நானா? கோலு விட்டதே நாந்தானே சேச்சி."

"அதனாலதான். சொல்றவன் பின்னால நிக்க முடியாதுல்ல."

இரண்டாம் பாதி முழுக்கக் கற்பகம் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆடிய காலத்தில்கூட அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. முதலில் ரமேஷ்பாபுவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு சீராயிற்று. அவனுடைய "கேறு" செண்டைக்கு அடியில் புகுந்து பக்கத்தில் இருக்கிற மூன்று பேருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. நாலு பேரும் கயிறு இல்லாமலே கயிறு கட்டினாற்போல நடந்தார்கள். நடுவில் ஒரு கார்னரில் முட்டி மோதி ஒரு கோலும் திரும்பக் கிடைத்தது. சமன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி மறுபடியும் அதே பந்தை அடித்தது. நாலு பேரும் ஏறினார்கள். எதிராளி அவர்களுக்குப் பின்னால் தனியாக ஓடிப் பந்தை வலைக்குள் தள்ளினான். மேளம் வெடித்தது. ரமேஷ்பாபுவின் கழுத்து மட்டும் திரும்பிற்று, கால் திரும்பவில்லை. கோட்டோரத்தில் கொடி நேராக நின்றது. கோல் செல்லாது. சமனிலேயே முடிந்தது.

ராமபத்ரன் வந்து, அடுத்த சீசனும் நீதான் மோளே என்றார். அவள் அம்மனை நினைத்துக்கொண்டாள். கேட்காமலிருந்ததும் நல்லதுதான், கேட்டிருந்தால் எதிர் அணிக்காரர்களின் சாமிக்கு என்ன பதில் சொல்வது. சங்கிலிப்பாண்டி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வீட்டில் மீன்குழம்பு ஆறுது என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ரமேஷ்பாபு ஆட்டோவை அவள் வாசலில் நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். முந்தைய ராத்திரி மலப்புறத்தில் செவன்ஸ் அரையிறுதி. பந்து வந்திருக்கிறது. இவன் தன்னை அறியாமல் "கேறு" என்று கத்தி, எதிராளியை விட்டுவிட்டு முன்னால் ஏறிக் கையையும் தூக்கியிருக்கிறான். அங்கே ஏது கொடி? அந்த எதிராளி சாவகாசமாகக் கோல் போட்டுவிட்டு, சேட்டா, பஸ்ஸுக்கா கையைக் காட்டுறீங்க என்று கேட்டானாம்.

"என் பொழப்பையே கெடுத்துட்டீங்க சேச்சி."

கற்பகம் சிரிப்பு அடங்குகிறவரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முழங்காலை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான்டா உன் கால் சொன்னபடி கேக்குது. நாளைக்கு வெள்ளனா வந்துரு. வரும்போது குடோன்ல புதுக் கயிறு வாங்கிட்டு வா."