புற்றுமண் தொட்ட படச்சுருள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்ததே அதிகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தம்பி மதராஸில் பௌதிகம் படித்தான். கூடவே ஒரு துணைப்பாடம் எடுக்கலாமாம். அவன் எடுத்தது, சினிமாப் படம் பிடிக்கிற படிப்பு. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில், இந்த வருஷம் அதில் தேறாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

பரீட்சைக்கு ஒருவர் செய்யும் வேலையைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே சுருள்தான். லீவுக்கு வந்தவன் கல்லூரிக் காமிராவோடு திருவேங்கடம் ஊருக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் ஓர் ஆட்டுக்காரர் பின்னாலேயே நாலு நாள் அலைந்தான். ஆட்டுக்கும் பவுடர் பூச வேண்டுமா என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். படத்தைக் கல்லூரியில் கழுவினால்தான் உருவம் தெரியுமாம். சுருளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தான்.

அவன் மறுநாள் ரயிலேற வேண்டும்; அன்று வெள்ளிக்கிழமை. நான் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் கொண்டுவந்தேன். பரீட்சைக்குப் போகும் பேனாவிலும் புத்தகத்திலும் அதைத் துளி தொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். டப்பாவுக்கு மேலே வைத்தால் ரயிலில் உதிர்ந்துபோகும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் நாடாவைப் பிரித்து, காகிதத்தையும் விலக்கி, சுருளின் ஓரத்தில் மண்ணைத் தொட்டு வைத்தேன். பிறகு இருந்தபடியே மூடினேன்.

எழுந்தவன் டப்பாவில் நாடா சுருங்கியிருப்பதைப் பார்த்தான்.

"அக்கா, இதத் தெறந்தியா?"

"சாமி மண்ணு வச்சேன். ஓரத்துலதான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னான். அதற்குள் அப்பா வந்து என்ன என்று கேட்டார். தான்தான் சரியாக மூடவில்லை, படம் கெட்டுவிட்டது என்றான்.

"டப்பா மூடத் தெரியாதவனுக்கு அந்தப் படிப்பு எதுக்குலே? விட்டுரு."

அப்பா முன்னால் நின்று நான் பேசியதே இல்லை.

"அவன் இல்லப்பா. நாந்தான் தெறந்தேன். புத்துமண்ணு வச்சேன்."

அப்பா என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"வேற சுருள் குடுப்பாங்களாலே?"

"வாத்தியார் மனசு வச்சா உண்டு."

"அப்பம் நீயே அவருக்கு எழுதுட்டி. நடந்தத நடந்தபடி எழுது."

மூன்று தாளைக் கிழித்துப்போட்டு நாலாவதில் எழுதினேன். அப்பா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார்.

மறுநாள் சாயங்கால ரயிலில் தம்பி மதராஸுக்குப் போனான். கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது.